'ஒன்றும் ஆகாது' என்று சொல்லாதவர்கள்

தைரியம் சொல்வதற்கென்று நம்மிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. "ஒண்ணும் ஆகாது, போ." பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையிடமும், ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளப்படும் நோயாளியிடமும், முதல் தடவையாக விமானம் ஏறும் பாட்டியிடமும் இதையேதான் சொல்கிறோம். இருபது வருடங்களாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எதையெதையோ கொண்டுவந்துகொண்டிருக்கும் எனக்கு, எந்த மொழியில் யார் யாரை உற்சாகப்படுத்தினாலும் இந்த வாக்கியம் கைகொடுக்கும் என்ற எண்ணம் இருந்தது. என் அக்கா மகள் கலிபோர்னியாவிலிருந்து அனுப்பிய ஐம்பத்துச் சொச்சம் பக்கங்களில் ஒரு இடத்தில்கூட அதற்கு வேலை வரவில்லை.

அவள் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். வார இறுதிகளில் விமானத்திலிருந்து குதிக்கிறாள். ஸ்கை டைவிங். முதலில் அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். "சித்தி, நீங்களே பக்குவமா அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாள். பக்குவமாகச் சொல்ல வழியில்லாத செய்தி அது. கும்பகோணத்தில் 34 வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு இப்போது தில்லியில் என்னோடு இருக்கும் அக்கா, பத்து நிமிஷம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அங்க அவளுக்கு யாரு சொல்லிக்கொடுக்கிறா? அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

அப்படித்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் குதிதளத்தில் மூத்தவர்கள் என்ன சொன்னாலும் அதை ஒரு நோட்டில் எழுதிவைப்பது பெண்ணின் பழக்கம். பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புவாள். ஞாயிறு மாலைகளில் நான் அவற்றை அக்காவுக்குத் தமிழில் வாசிப்பேன். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் இந்த ஆங்கிலம் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

முதல் தகராறு 'குதிப்பது' என்ற சொல்லிலேயே வந்தது. தமிழில் ஒரு பெண் குதித்தாள் என்றால் கிணறோ ரயிலோதான் நினைவுக்கு வருகிறது. அக்கா அந்த வார்த்தையை வாயில் எடுக்க மறுத்துவிட்டாள். "இன்னிக்கு எத்தனை தடவை இறங்கினா?" என்றுதான் கேட்பாள். பாராசூட்டின் துணிப் பகுதிக்கு 'விதானம்' என்று நான் தமிழ் எம்.ஏ. புத்தியில் எழுதிப் பார்த்தேன். அக்கா ஒரே வார்த்தையில் 'குடை' என்று முடித்துவிட்டாள். பெரிய குடையை உறையிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவர முதலில் காற்றில் வீசப்படும் சிறிய துணி 'குட்டிக் குடை' ஆயிற்று. அவர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வி, நீ 'கரண்ட்'டாக இருக்கிறாயா என்பது. சமீபத்தில் குதித்திருக்கிறாயா, கைப்பழக்கம் விட்டுப்போகவில்லையே என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது மின்வெட்டு பற்றிய கேள்வியாகவே கொஞ்ச நாள் இருந்தது.

பயிற்சி முறை இதுதான். ஒரு நாள் முழுக்கத் தரையில் பாடம். பிறகு சுமார் 13,000 அடி உயரத்தில் விமானத்தின் கதவு திறக்கும். இரண்டு பக்கமும் இரண்டு ஆசிரியர்கள் மாணவியைப் பிடித்தபடி கூடவே விழுவார்கள். முதல் ஆயிரம் அடிக்குப் பத்து விநாடி. அதற்குப் பிறகு வேகம் மணிக்கு சுமார் 190 கி.மீட்டரை எட்டி அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஐந்தரை விநாடி. 5,500 அடியில் குடையைத் திறக்க வேண்டும். அக்கா இதைக் கேட்டதும் பேப்பரை எடுத்துவிட்டாள். "நாப்பத்தாறு விநாடி" என்றாள். அந்த நாற்பத்தாறு விநாடிக்குள் உயரமானியைப் பார்ப்பது, உடலை வில்லாக வளைத்து வைப்பது, ஆசிரியரின் கைச் சைகையைப் புரிந்துகொள்வது, குட்டிக் குடையின் பிடியைத் தொட்டுப் பழகுவது எல்லாம் நடக்க வேண்டும். போகப்போக ஆசிரியர் ஒருவராகி, பின் யாரும் பிடிக்காமல் ஆகும். 25 முறை குதித்து, தேர்வுகளில் தேறினால் அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் 'ஏ' லைசென்ஸ் கிடைக்கும்.

தரைப் பாடத்தில் பாதிக்கு மேல், குடை சரியாக விரியாவிட்டால் என்ன செய்வது என்பது பற்றித்தான். வலது மார்பில் சிவப்புப் பிடி, இடது மார்பில் வெள்ளிப் பிடி. சிவப்பை இழுத்தால் கெட்டுப்போன குடை உடலைவிட்டுப் பிரிந்து போகும். வெள்ளியை இழுத்தால் மாற்றுக் குடை வெளியே வரும். சிவப்பைப் பார், பிடி, இழு. வெள்ளியைப் பார், பிடி, இழு. கூரையிலிருந்து தொங்கும் பட்டையில் மாட்டிவிட்டு இதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். ராத்திரி தூங்குவதற்கு முன் படுக்கையில் படுத்தபடி செய், ஒவ்வொரு குதிப்பின் காலையிலும் செய் என்று ஒரு மூத்தவர் சொன்னதாக நோட்டில் இருந்தது. லைசென்ஸ் வாங்கிய புதியவர்கள் 2,500 அடிக்குள் முடிவு எடுத்துவிட வேண்டும். அதற்குக் கீழே யோசிக்க இடமில்லை. குடையே விரியாமல் விழுந்துகொண்டிருப்பவருக்கு அங்கிருந்து தரை எத்தனை விநாடி என்று அக்கா கணக்குப் போட்டாள். பதினான்கு வந்தது. பேப்பரை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

யாருமே அந்தப் பெண்ணிடம் "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று சொல்லவில்லை என்பதை நான் கவனிக்க ஆரம்பித்தது அப்போதுதான். "இப்படி ஆகலாம். ஆனால் இதைச் செய்." அவ்வளவுதான் அவர்களுடைய வாக்கியம். முதலில் எனக்கு இது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. அக்காவுக்கு அப்படித் தெரியவில்லை. "கணக்குத் தப்பா போட்டா எங்க தப்பு வரும்னு முன்னாலயே சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்தான் நல்ல வாத்தியார்" என்றாள்.

குதிக்கும் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது முதல் தடவையாகச் செய்தவர் மற்றவர்களுக்கு பீர் வாங்கித் தர வேண்டும். முதல் தனிக் குதிப்புக்கு பீர், லைசென்ஸுக்கு பீர், முதல் தடவை மாற்றுக் குடையில் இறங்கினால் பீரோடு அதை மடித்து வைத்த நிபுணருக்கு ஒரு நல்ல பாட்டிலும். நம் பெண் குடிக்கமாட்டாள், ஆனாலும் வாங்கித் தந்திருக்கிறாள். இதை எப்படி வாசிப்பது என்று ஒரு கணம் யோசித்துவிட்டு அப்படியே வாசித்தேன். அக்கா கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை பேருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

நோட்டின் பெரும் பகுதி சாமான்களைப் பற்றியது. எதையும் அவசரப்பட்டு வாங்காதே, வாடகைக்கு எடு. முதலில் வாங்க வேண்டியது ஹெல்மெட்டும் கையில் கட்டும் உயரமானியும். காதுக்குள் ஒலிக்கும் உயரமானி பிறகு வாங்கலாம். இப்போதே வாங்கினால் கண்ணால் பார்க்கும் பழக்கம் வராது. 200 குதிப்பு ஆகும்வரை ஹெல்மெட்டில் கேமரா வேண்டாம். படம் எடுப்பவர் உயரத்தை மறப்பார். பழைய பாராசூட் வாங்கினால், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மடிப்பு நிபுணர் ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதே. நிறம் பார்த்து வாங்காதே. கடைசி வரியின் கீழ் பெண்ணே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

இந்தச் சாமான்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். கெட்ட குடையை ஒரே இழுப்பில் கழற்றிவிடும் மூன்று வளைய அமைப்பு, அமெரிக்கர் பில் பூத் கண்டுபிடித்தது. அந்தச் சிவப்புப் பிடியின் மறுமுனையில் இருப்பது அதுதான். நண்பர் ஒருவரைக் குதிப்பில் பறிகொடுத்த ஜெர்மானியர் ஹெல்முட் க்ளோத், 'சைப்ரஸ்' என்ற சிறிய மின்னணுக் கருவியை 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுமார் 750 அடியிலும் ஒருவர் முழு வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், மாற்றுக் குடையை மூடியிருக்கும் கயிற்றைக் கருவியே வெட்டிவிடும். மயக்கமடைந்தவர்களையும் உயரத்தை மறந்தவர்களையும் இது காப்பாற்றியிருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த விளையாட்டில் இறந்தார்கள். 2023இல் சுமார் 36 லட்சம் குதிப்புகளில் இறந்தவர்கள் பத்துப் பேர்.

ஆனால் இதே பில் பூத்துக்கு, சாமான் எவ்வளவுக்குப் பத்திரமாகிறதோ அவ்வளவுக்கு மனிதன் துணிந்து சாவை ஈடுகட்டிவிடுவான் என்ற கட்சியும் உண்டு. குதிப்பவர்கள் இதை ஒரு விதியைப்போல் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். 1990களிலிருந்து நடந்தது அதற்குப் பொருந்துகிறது. குடைகள் சிறியதாகவும் வேகமாகவும் ஆயின. நல்லபடியாக விரிந்த குடையின் கீழ், தரைக்கு மிக அருகில் திரும்பி, மோதி இறந்தவர்கள் பலர். 'சைப்ரஸ்' பற்றி நோட்டில் இருந்த அறிவுரை இது: அந்தக் கருவி இருக்கிறது என்பதால்தான் இன்று குதிக்கிறேன் என்று உனக்குத் தோன்றினால், இன்று குதிக்காதே.

பெண் 38ஆவது குதிப்பை முடித்திருந்தபோது ஒரு சந்தர்ப்பம் வந்தது. யாரோ ஊரைவிட்டுப் போகிறார்; 135 சதுர அடிக் குடையோடு முழு சாமானையும் மலிவாகத் தருகிறார். உடலும் சாமானும் சேர்ந்த எடையைப் பவுண்டில் போட்டு, குடையின் சதுர அடியால் வகுத்தால் ஒரு எண் வரும். புதியவர்களுக்கு அது ஒன்றைத் தாண்டக்கூடாது என்பார்கள். அவள் 115 பவுண்டு, சாமான் 25. மாணவர்களுக்கான 230 அடிக் குடையில் அந்த எண் 0.6. இந்தக் குடையில் ஒன்றைச் சற்றே தாண்டும். "கொஞ்சம்தானே" என்று எழுதியிருந்தாள். மூவாயிரம் முறைக்கு மேல் குதித்த ஒரு அம்மாள் அவளை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். எண் ஒன்றாகவே இருந்தாலும் சின்ன குடைக்குக் கயிறு குட்டை. கை லேசாக இழுத்தாலே சடாரென்று திரும்பும். ஒல்லியானவர்கள் இந்த வகுத்தல் கணக்கை நம்பி ஏமாறுவார்கள். நூறு குதிப்பு வரை 170க்குக் கீழே போகாதே, மலிவான சாமான் எப்போதும் கிடைக்கும் என்றாராம். பெண்ணுக்கு அன்றைக்குக் கோபம். வாங்காமல் விட்டாள், ஆனால் அந்தப் பக்கத்தின் எழுத்தே முறைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அக்கா, "நான் கண்ணால பாக்கணும்" என்றாள். தில்லியிலிருந்து சுமார் 150 கி.மீ. தூரத்தில், ஹரியானாவின் நார்னோலில் சாதாரண மக்களும் குதிக்க முடிகிறது. அங்கே பெரும்பாலும் 'டாண்டம்'தான். பயிற்சியாளரோடு பயணி கட்டிக்கொண்டு இறங்குவது. பயணிக்கு மூட்டையைப்போல் இருப்பதைத் தவிர அதிக வேலையில்லை. குர்காவ்ன் இளைஞர் ஒருவர் கத்திக்கொண்டே இறங்கி, செருப்பைத் தேடிக்கொண்டே எழுந்தார். அக்கா அவரை அதிகம் பார்க்கவில்லை. மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள்.

அங்கே ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். ஆக்ராவின் பாராட்ரூப் பயிற்சிப் பள்ளியில் பழகியவர். நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்ததும் முதல் கேள்வியே, "ரங்கராஜ் சாஹேப் தெரியுமா?" 1941இல் பாராசூட்டில் குதித்த முதல் இரண்டு இந்திய வீரர்களில் ஒருவர், ராணுவ டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ். மற்றவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். பத்து வருடம் கழித்து 1951இல் கொரியப் போரில், அமெரிக்கப் படையோடு தன் மருத்துவக் குழுவையும் கூட்டிக்கொண்டு ரங்கராஜ் குதித்திருக்கிறார். ஹரியானாவில் ஒரு தமிழரைப் பற்றி எங்களுக்கு ஒருவர் பாடம் நடத்த வேண்டியிருந்தது.

அக்கா என்னை இந்தியில் கேட்கச் சொன்னாள்: "இதை மடிச்சது சரியா இல்லையான்னு எப்படித் தெரியும்?" அவர், "மாதாஜி, இங்கே பாருங்கள்" என்று சாமானின் சிறிய பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். மாற்றுக் குடை எந்தத் தேதியில், யாரால் மடிக்கப்பட்டது என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்து. தான் பார்க்கப்போகாத ஒருவருடைய உயிருக்கு அந்தக் கை பொறுப்பு. 34 வருடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட அக்கா அந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில், "தேதி போட்டு வெச்சிருக்காங்க" என்று இரண்டு தடவை சொன்னாள்.

பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு 'முதல்' பிடிக்கும். 1979இல் ஆக்ராவில் குதித்து, ஸ்கை டைவிங்கில் இந்தியாவின் முதல் பெண் என்று பெயர் பெற்ற ரேச்சல் தாமஸ். முன்பின் குதித்துப் பழகாமல் 2004இல் தன் முதல் குதிப்பையே வட துருவத்தில் நிகழ்த்திய ஷீதல் மகாஜன். இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருவரைப் பற்றியும் எழுதுவது சுலபம். 39ஆவது குதிப்பைப் பற்றியோ, காற்று சரியில்லை என்று விமானம் ஏறாமல் இருந்த பிற்பகலைப் பற்றியோ யாரும் எழுதச் சொல்வதில்லை. எனக்கு வந்த பக்கங்கள் முழுக்க அப்படிப்பட்ட பிற்பகல்கள்தான்.

44ஆவது குதிப்பு நடந்த சனிக்கிழமை, கூடவே பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் தரையில் மோதித் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். குடை நன்றாகத்தான் விரிந்திருந்தது. நூறு அடிக்குக் கீழே வந்தபிறகு, தான் காற்றடிக்கும் திசையிலேயே போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தார். காற்றை எதிர்த்து இறங்க வேண்டும் என்று கற்றிருந்தாரே, திரும்பினார். திரும்பும் குடை பாய்ந்து கீழே வரும். பெண் இருபதடி தூரத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அன்று மாலை நோட்டில் மூன்று வரிதான்: குடை மட்டமாக, நேராக இருக்க வேண்டும். இடைஞ்சலில்லாத வெளி வேண்டும். வேகத்தைக் குறைக்க இரண்டு கைப்பிடிகளையும் இழுத்து, கால்களைச் சேர்த்து உருள வேண்டும். காற்றின் திசை இந்தப் பட்டியலிலேயே இல்லை. காற்றோடு இறங்கினால் சிராய்க்கும். தாழத் திரும்பினால் எலும்போ உயிரோ போகும்.

அதற்குப் பிறகு பக்கங்கள் வரவில்லை. ஐந்து வாரம். ஃபோனில் வேலை பற்றி, சாப்பாடு பற்றிப் பேசுவாள். அக்காவுக்கு ஒருபுறம் நிம்மதிதான், ஒத்துக்கொண்டாள். மறுபுறம், "குரல் சரியில்ல" என்பாள். இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 'ஏ' லைசென்ஸ்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்தால், மறுபடி ஆசிரியரோடு குதித்துக் காட்ட வேண்டும். ஐம்பதாவது நாள் அவள் அந்த அம்மாளைப் பார்க்கப் போனாள். பயமாக இருக்கிறது என்றாள்.

அடுத்து வந்த பக்கங்களைத்தான் நான் பலமுறை படித்தேன். அம்மாள் பயப்படாதே என்று சொல்லவில்லை. போகலாம் என்றோ விட்டுவிடு என்றோகூடச் சொல்லவில்லை. எதற்குப் பயம் என்று கேட்டிருக்கிறார். கதவுக்கா, விழுவதற்கா, குடை திறப்பதற்கா, தரைக்கா? யோசித்து, தரைக்கு என்றாள் பெண். அப்படியானால் மற்ற மூன்றையும் இப்போதைக்கு எடுத்து வைத்துவிடலாம் என்றாராம். 60ஆம் நாளைப் பற்றிக் கவலைப்படாதே. 61ஆம் நாள் வந்தால் ஆசிரியரோடு போவாய், அதில் அவமானம் ஒன்றுமில்லை. நாள் முடியப்போகிறதே என்று விமானம் ஏறுவதுதான் கெட்ட காரணம். இரண்டு வாரம் வந்து சும்மா உட்கார். இறங்குமிடத்தில் நின்று ஒவ்வொருவரும் எந்த உயரத்தில் கடைசியாகத் திரும்புகிறார்கள் என்று பார்த்து எழுது. பிறகு வேண்டுமென்று தோன்றினால், ஐயாயிரம் அடியில் வெளியேறி உடனே குடையைத் திறந்துகொள். நீண்ட நேரம் மிதக்கலாம். மேலே இருக்கும்போதே தரை வந்துவிட்டதைப்போல் நினைத்துக்கொண்டு பத்துத் தடவை பிரேக் பிடித்துப் பழகு. தோன்றாவிட்டாலும் சனிக்கிழமை வா, மடிப்பு மேசையில் ஆள் வேண்டும்.

நான் வாசித்து முடித்ததும் அக்கா, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அவள் 67ஆவது நாள், ஆசிரியரோடு குதித்தாள். அடுத்து ஐயாயிரம் அடியிலிருந்து ஆறு முறை. தொடை எலும்பு முறிந்த இளைஞர் ஊன்றுகோலோடு வந்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, இறங்குபவர்களின் கடைசித் திருப்பத்தை எழுதும் வேலையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். பெண் இன்னும் 170 அடிக் குடையில்தான், வாடகைக்கு.

போன சனிக்கிழமை இரவு அக்கா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இரவு, அங்கே காலை. "காத்து எவ்வளவு?" என்று கேட்டாள். பெண் ஏதோ சொன்னாள். "சீராவா, விட்டு விட்டா?" மறுபடி ஏதோ பதில். "உன் ரிசர்வ் அட்டையில தேதி என்ன?" என்று கேட்டு, சொன்னதைக் காலண்டரில் எழுதிக்கொண்டாள். பேசி முடித்ததும் என்ன செய்தி என்று கேட்டேன்.

"பதினெட்டு மைல், விட்டு விட்டு அடிக்குதாம். இறங்கல. மடிச்சுக்கிட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.